கரைநொண்டி

முஆஸுக்கு அந்தப் பெயரை வைத்தவன் அவனுடைய மச்சான் ஃபைஸல். மனைவி றைஸாவுக்கு மூத்தவன், படகுக்குச் சொந்தக்காரன், நாலு பேர் கூடினால் வாய் மூடத் தெரியாதவன். பள்ளிவாசல்துறைக் கரையில் படகில் காற்றுச் சிலிண்டர் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், முஆஸ் காலை இழுத்து இழுத்து மணலில் வருவதைப் பார்த்துவிட்டு, "கரையில நொண்டி, கடலில சுறா. இவனக் கரைநொண்டி எண்டு கூப்பிடுங்கடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கரையில் ஒருவனுக்கு ஒரு பெயர் ஒட்டினால் மௌத்தாகிக் கபுறுக்குள் போனாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள்.

அன்று சிரித்தவர்கள் யார் யார் என்பதை முஆஸ் மறக்கவில்லை. அவனுக்கு மறதி குறைவு, கோபம் அதிகம். அந்தக் கோபத்தைக் கொட்ட இடமில்லாததுதான் பிரச்சினை. வீடு றைஸாவின் வீடு. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் குடிவருவான். படகு றைஸாவின் நானா ஃபைஸலுடைய படகு. உண்ணும் சோறும் உறங்கும் பாயும் தொழிலும் ஒரே குடும்பத்தில் இருந்தால் யாரிடம் போய்ச் சத்தம் போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

பள்ளிவாசலில் நிலைமை இன்னும் மோசம். பின்சுவரோரம் நாலைந்து கதிரைகள் கிடக்கும். முழங்கால் தேய்ந்த கிழவர்கள் அவற்றில் உட்கார்ந்து தொழுவார்கள். அவர்களுக்கு நடுவில், முப்பத்து நாலு வயதில், சிலிண்டர் சுமந்து உரமேறிய தோளோடு ஒருத்தன் போய்க் கதிரையில் உட்கார்ந்தால் யார் கண்ணில்தான் படாது? காலையில் கடலின் அடிமட்டம்வரை போய் கடலட்டை பொறுக்கி வந்தவன், லுஹர் தொழுகைக்கு நிலத்தில் நெற்றி வைக்க முடியாதாம். பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் ஹமீட் ஹாஜியார் ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மனுசரை ஏமாற்றலாம், அல்லாஹ்வை ஏமாற்ற ஏலாது என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் அவனை அதிகமாகச் சுட்டது. சத்தம் போட்டிருந்தால் திருப்பிச் சத்தம் போட்டிருப்பான்.

உண்மை என்னவென்றால், அவனுக்கு நோகத்தான் செய்தது. நின்றால் நொந்தது, நடந்தால் நொந்தது, குனிந்தால் உயிர் போனது. கடலில் இறங்கினால் நோகவில்லை. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பொய் மாதிரிக் கேட்டது.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரை விட்டு முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியபோது முஆஸ் உம்மாவின் வயிற்றில் இருந்தான். பிறந்தது இந்தப் பக்கத்து அகதி முகாமில், ஓலைக் கொட்டிலில். வாப்பா அடுத்தவன் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்று, நாரியும் முதுகும் வளைந்து, அப்படியே வளைந்தபடி மௌத்தானார். குனிந்து செய்கிற வேலை ஒன்றும் வேண்டாம் என்று முஆஸ் அப்போதே முடிவெடுத்துவிட்டான். கடலில் யாரும் குனியத் தேவையில்லை. பதினெட்டு வயதில் அட்டைக்குப் போகத் தொடங்கினான்.

அட்டைக்குப் போவது என்றால் கடலட்டை எடுக்கப் போவது. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடிமட்டத்துக்கு இறங்கி, மணலோடு மணலாகக் கிடக்கிற அட்டைகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வரவேண்டும். சிலிண்டரை மாற்றிக்கொண்டு திரும்ப இறங்கவேண்டும். கிட்டக் கடலில் அட்டை தீர்ந்துபோனதும் தூரம் போனார்கள். அங்கும் குறைந்ததும் ஆழம் போனார்கள். மேலே வரும்போது இடையில் நின்று நின்று மெதுவாக வரவேண்டும் என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் படகில் இருந்த ஒருவருக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. பை நிறைந்தால் வருவார்கள், காற்று குறைந்தால் வருவார்கள், வருகிற வேகத்தில் வருவார்கள். பிடித்த அட்டை எந்தெந்த நாட்டுக்கு எப்படிப் போகவேண்டும் என்பதற்கு ஆயிரம் சட்டம் இருக்கிறது. பிடிக்கிறவன் எப்படி மேலே வரவேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஒரு நாய் கூட அந்தக் கரைக்கு வந்ததில்லை.

முதல் நோவு வந்தபோது அவனுக்குக் கலியாணமாகி இரண்டாம் வருடம். மேலே ஏறிப் படகில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் தோளுக்குள் யாரோ கையை விட்டு முறுக்குவதுபோல ஒரு வலி. கத்தினான். படகில் யாரும் பதறவில்லை. "காத்துப் பிடிச்சிட்டு, வேற ஒண்டுமில்ல" என்றான் ஃபைஸல். புதுச் சிலிண்டர் ஒன்றைக் கட்டி அவனைத் திரும்பக் கடலில் இறக்கினார்கள். ஆழத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தார்கள். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் "இறக்கி எடுக்கிறது". கடல் கொடுத்த காற்றைக் கடலே எடுத்துவிடும் என்பது கணக்கு. மந்திரம் போட்ட மாதிரி வலி போனது. மெய்யாகவே போனது. போய்த் தொலைந்ததுதான் கேடு. போகாமல் இருந்திருந்தால் யாராவது ஒருவன் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருப்பான்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை காற்றுப் பிடித்தது, எத்தனையோ தடவை இறக்கி எடுத்தார்கள். அது தொழிலின் ஒரு பகுதி. சமையலுக்குப் போகிறவளுக்குக் கை சுடுவதில்லையா என்று ஃபைஸல் கேட்பான். முஆஸும் அதையே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறான்.

இடது முழங்கால் நோகத் தொடங்கியது போன வருடம் நோன்பு முடிந்த கையோடு. இதுவும் காற்றுத்தான் என்று நினைத்தான். அடுத்த நாள் கடலில் இறங்கினான், வலி காணாமல் போனது. கரையில் காலை வைத்தான், திரும்ப வந்து நின்றது. காற்று முழுதாகப் போகவில்லை, இன்னும் கொஞ்சம் ஆழமாக, இன்னும் கொஞ்ச நேரம் இறங்கினால் சரியாகும் என்று நினைத்தான். இறங்கினான். வேறு எந்தத் தொழில் செய்கிறவனும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான். நோவு கொடுத்த இடத்துக்கே தினமும் மருந்துக்குப் போனான்.

மாமி ஸுலைஹா நல்ல மனுசி. மருமகன் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, மாம்புரியில் எண்ணெய் காய்ச்சுகிற ஒருவரிடம் அனுப்பினாள். அவர் முழங்காலைப் பிடித்து உருவி, இலை வைத்துக் கட்டி, புளியும் குளிரும் ஆகாது என்றார். கட்டு நாறியதே தவிர நோவு குறையவில்லை. பிறகு டவுனில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனான். அங்கிருந்த டொக்டர் முழங்காலைப் படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முழங்காலில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி நோவுக்குக் குளிசை கொடுத்தார். என்ன தொழில் என்று அவர் கேட்கவில்லை. முழங்காலுக்கு மேலே கை வைக்கவும் இல்லை.

அந்தப் படம் முஆஸுக்குச் செய்த கெடுதலைப் பகைவன் கூடச் செய்திருக்க மாட்டான். ஃபைஸலுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? "டொக்டரே பாத்திட்டார், ஒண்டுமில்லயாம். இவன் சும்மா படம் காட்டுறான்" என்று கரை முழுக்கச் சொன்னான். சிலிண்டர் சுமக்கிறதும் படகு இழுக்கிறதும் என்றால் கரைநொண்டிக்குக் கால் நோகும், அட்டை பொறுக்கிப் பேர் எடுக்கிறதென்றால் நோகாது என்றான். கேட்டவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

றைஸா அவனுக்குச் செருப்பு மாட்டிவிட்டாள். கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள். விடியற்காலையில் அவனைத் தூக்கி நிறுத்தினாள். நிறுத்திய கையோடு அவன் படகுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒருநாள் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, கடலுக்குள்ள மட்டும் ஒங்கட காலுக்கு எப்படிச் சுகமாகுது?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். முஆஸ் கோப்பையை முற்றத்தில் வீசி உடைத்தான். பொய் சொல்லாத ஒருத்தனுக்கு, ஒருவேளை நான் பொய்தான் சொல்கிறேனோ என்று தன்மேலேயே சந்தேகம் வருவதைப் போல அவமானம் வேறு கிடையாது. பாயில் படுத்து விடியும்வரை அதையே யோசித்தான். படுத்தாலும் நோகிறதே, யாருக்குக் காட்ட நோகிறது?

அதற்குப் பிறகு கடலில் அவன் தேவைக்கு அதிகமாகவே நின்றான். படகு விளிம்பிலிருந்து சாய்ந்து விழுந்த உடனே வலி கழன்றுவிடும். கால் இரண்டும் சொன்னபடி கேட்கும். பை நிறைந்த பிறகும் மணலுக்கு மேலே சும்மா நீந்திக்கொண்டிருப்பான். அங்கே கோபம் கூட வராது. மேலே போனால் எல்லாம் காத்துக்கொண்டிருக்கும் என்று தெரியும். காற்று முடியும் தறுவாயில், வேறு வழியில்லாமல், விறுவிறு என்று மேலே வருவான்.

இதெல்லாம் முடிவுக்கு வந்தது ஒரு புதன்கிழமை காலை. படகு கரை தட்டியது. ஈரப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு இடது காலை மணலில் ஊன்றினான். இடுப்புக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில், உள்ளே ஏதோ நொறுங்குவது போலிருந்தது. அப்படியே முகம் குப்புற விழுந்தான். அட்டைகள் சிதறின. ஃபைஸல் கிட்ட வந்து குனிந்து, ஆட்கள் பார்க்கிறார்கள் எழும்பு என்றான். முஆஸ் எழும்பப் பார்த்தான். முடியவில்லை. பக்கத்துப் படகுக்காரன் பஸ்தியான்தான் தன் முச்சக்கரவண்டியைக் கொண்டுவந்து, இரண்டு பேர் பிடிக்க அவனை ஏற்றி, றைஸாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஃபைஸல் அட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் வியாழக்கிழமை. எலும்புக்கான டொக்டர் வரும் நாள். அவர் பெயர் யூஜினி, சிலாபம் பக்கத்துப் பெண், ஒல்லியான ஆள், சிரிக்காத முகம். முஆஸ் முழங்காலைக் காட்டினான். அவர் முழங்காலைப் பார்க்கவே இல்லை. என்ன தொழில் என்று கேட்டார். அட்டைக்குப் போகிறேன் என்றான். எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடி வைத்தார். அவனைப் படுக்க வைத்து, இடது காலை மடக்கித் தூக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்பினார். வார்டு முழுவதும் கேட்கக் கத்தினான். இந்தக் காலை யாராவது இப்படிப் பிடித்துப் பார்த்தார்களா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு முகம் சிவந்தது. இடுப்பைப் படம் எடுக்க அனுப்பினார்.

படத்தில் இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் குழிக்குள் தொடையெலும்பின் தலை இருந்தது. வலது பக்கம் உருண்டையாக, சுத்தமாக. இடது பக்கம் மேலே நசுங்கி, அமுங்கிப்போன ரப்பர் பந்து மாதிரி இருந்தது. றைஸாவுக்கே விளங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டொக்டர் சுருக்கமாகத்தான் சொன்னார். எலும்பு என்றால் கம்பம் இல்லை, உயிருள்ள பொருள். அதற்கும் இரத்தம் ஓடவேண்டும். தினமும் தேய்கிற இடத்தைத் தினமும் கட்டிக்கொண்டே இருக்கும். தொடையெலும்பின் தலைக்கு இரத்தம் போகும் குழாய்கள் மெல்லியவை, ஒன்று அடைத்தால் வேறு வழி குறைவு. ஆழத்தில் சுவாசிக்கிற காற்று இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்திருக்கும். அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உள்ளேயே நுரைக்கும். அந்த நுரை அடைத்த இடத்தில் எலும்பு செத்துப்போகும். சாகும்போது நோகாது. மாதங்கள், வருடங்கள் கழித்து, செத்த எலும்பு தேய்மானத்தைக் கட்ட முடியாமல் பாரத்தில் உடைந்து உட்காரும்போதுதான் நோகும். இடுப்பு மூட்டின் நோவு நரம்பு வழியே இறங்கி முழங்காலில் தெரிவது வழக்கம். அதனால்தான் ஒரு வருடமாக எல்லாரும் குற்றமில்லாத முழங்காலைப் பிடித்து உருவிக்கொண்டிருந்தார்கள்.

முஆஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு ஒன்று தெரியவேண்டியிருந்தது. அதைக் கேட்கும்போது குரல் நடுங்கியது.

"கடலுக்குள்ள நோவே இல்ல டொக்டர். நான் பொய் சொல்லல."

"பொய் எண்டு நான் சொல்லல்லயே" என்றார் யூஜினி. "கடலுக்குள்ள உங்கட கால் உங்களச் சுமக்கிறதில்ல. கடல்தான் சுமக்குது. நோவு போனதெண்டு நீங்க நினைச்சீங்க, போனது பாரம் மட்டும்தான்."

இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. ஒரு வருடமாக அவனைத் தின்ற கேள்விக்கு இரண்டு வரிப் பதில். அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியை ஓங்கி அறைந்தான். கை நொந்ததுதான் மிச்சம். டொக்டர் தடுக்கவில்லை. படகில் எத்தனை பேர், எல்லாரும் இப்படித்தான் மேலே வருகிறார்களா என்று கேட்டார். எல்லாரும் என்றான். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நோகாவிட்டாலும் வரவேண்டும் என்றார். முஆஸ் சிரித்தான். ஃபைஸலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவதா?

இனிக் கடலில் இறங்கினால் வலது இடுப்பும் போகும் என்று கடைசியில் சொன்னார். இடதுக்குச் செயற்கை மூட்டு வைக்கவேண்டும், அதற்குக் கொழும்பில் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். அதுவரை ஊன்றி நடக்கப் பொல்லு. பொல்லை வலது கையில் பிடிக்கவேண்டும் என்று நடந்தே காட்டினார். நோகிற காலுக்கு எதிர்க் கையில் பிடித்தால்தான் அந்த மூட்டில் பாரம் குறையும்.

வீட்டுக்கு வந்ததும் றைஸா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உம்மாவுக்குக் காட்டினாள். பிறகு புருசன் பக்கம் திரும்பிச் சண்டைக்கு வந்தாள். இப்படி உடைகிறவரைக்கும் ஏன் தினமும் கடலுக்குப் போனீர்கள் என்று கேட்டாள். அங்கே மட்டும்தான் நோகவில்லை, அதனால் போனேன் என்றான். அவள் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். தான் கேட்ட கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவன் உடைத்த கோப்பையும்.

அன்று பின்னேரம் ஃபைஸல் வந்தான். படத்தைக் கையில் வாங்கவே இல்லை. டொக்டர்மாருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும், நான் எத்தனை பேரை இறக்கி எடுத்து நடக்க விட்டிருக்கிறேன், நாளைக்கு வா, ஒரு சிலிண்டரோடு நல்ல ஆழத்தில் இறக்கி எடுப்போம் என்றான். முஆஸுக்கு அந்த நேரம் நோவு உச்சத்தில் இருந்தது. கடலில் இறங்கினால் அடுத்த நிமிடமே இது நிற்கும் என்று அவன் உடம்புக்குத் தெரியும். டொக்டர் சொன்னது காதில் இருந்தது, ஆனால் உடம்பு கடலைக் கேட்டது. ஓம் என்று சொல்ல வாய் திறந்தான்.

றைஸா வாசலுக்கு வந்தாள். "வெளிய போங்க நானா" என்றாள்.

பிறந்த நாளிலிருந்து அவள் ஃபைஸலை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான். போனவன் சும்மா இருக்கவில்லை. நோவு இடது காலிலாம், பொல்லு வலது கையிலாம், நடிக்கிறவனுக்கு எந்தக் கால் என்றே மறந்துபோயிற்று என்று கரையில் புதுக் கதை கட்டிவிட்டான். இதற்கும் சிரித்தார்கள். முஆஸ் பொல்லை மாற்றிப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு அடியிலும் அந்தச் சிரிப்பை மிதிப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனான். பின்சுவரோரம் தன் கதிரையில் உட்கார்ந்தான். அவனுக்கு நேர் முன்னால் இருந்த வரிசையில் ஃபைஸல் நின்றான். நோவு வர முந்தி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தொழுதவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கதிரைக்கு வந்த பிறகும் இடையில் வேறு வரிசைகள் இருந்தன; இன்றைக்குத்தான் அவன் முதுகு முழுதாகத் தெரிந்தது. இமாம் தக்பீர் சொன்னார். வரிசையில் எல்லாருடைய கைகளும் காதுவரை எழுந்தன. ஃபைஸலின் இடது கை எழுந்தது. வலது கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே போகவில்லை. தோளை உயர்த்தி, தலையை அந்தப் பக்கம் சாய்த்து, கை காதைத் தொட்ட மாதிரிக் காட்டிவிட்டுக் கட்டிக்கொண்டான். ருகூவுக்குக் குனியும்போதும் அப்படி, நிமிரும்போதும் அப்படி.

முஆஸுக்குத் தொழுகை கலைந்தது. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஃபைஸல் இடது கையால் தலை சீவுவது. சேர்ட் போடும்போது வலது கையை இடது கையால் பிடித்து நுழைப்பது. முதுகில் சிலிண்டர் கட்ட எப்போதும் இன்னொருவனைக் கூப்பிடுவது, பெரிய முதலாளி என்று எல்லாரும் கேலி செய்வது. தலைக்கு மேலே இருக்கும் ஒன்றையும் அவன் எட்டி எடுத்துப் பார்த்ததில்லை. நோவை நடிக்கிறான் என்று ஊரே முஆஸைச் சொன்னது. இந்த மனுசன் சுகத்தையல்லவா நடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் முஆஸ் பொல்லை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

வெளியே செருப்புப் போடுகிற இடத்தில் ஃபைஸலே வாயைக் கொடுத்தான். இண்டைக்குப் பொல்லு எந்தக் கையில் என்று கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள்.

"மச்சான், தக்பீர் கட்டுங்க" என்றான் முஆஸ்.

"தொழுது முடிஞ்சிட்டே."

"பரவாயில்ல, கட்டுங்க. ரெண்டு கையும் காதுக்குப் போகட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

ஹமீட் ஹாஜியார் இடையில் புகுந்து, பள்ளிக்கு முன்னால் வம்பு வேண்டாம் என்றார். முஆஸ் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஃபைஸல் சிரித்துக்கொண்டே கைகளைத் தூக்கினான். இடது கை போனது. வலது கை நெஞ்சு மட்டத்தில் நின்றது. சிரிப்பு முகத்திலேயே இருக்க, இன்னும் கொஞ்சம் தூக்கப் பார்த்தான். வாய் கோணியது, நெற்றி வேர்த்தது. கை கீழே விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் நிலத்தைப் பார்த்தார்.

இதற்காகத்தான் முஆஸ் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நெஞ்சு குளிரும் என்று நினைத்தான். குளிரவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஃபைஸல் கிட்ட வந்து, அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

"கடலுக்குள்ள நல்லாத் தூக்குவன்டா. தலைக்கு மேலயும் தூக்குவன்."

முஆஸுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. தான் சொன்ன அதே சொல், அதே நடுக்கம்.

"கடலுக்குள்ள ஒங்கட கைய நீங்க தூக்கிறதில்ல மச்சான்" என்றான். "கடல் தூக்குது. எவ்வளவு காலமா?"

"ஒனக்கு முந்தி."

"எனக்கு முந்தியா? தெரிஞ்சுகொண்டா நான் நடிக்கிறன் எண்டு சொன்னீங்க?"

ஃபைஸல் வலது தோளை இடது கையால் அமுக்கிக்கொண்டு நின்றான். "ஒனக்கு நோகுதெண்டது மெய்யெண்டா, எனக்கும் மெய்யாகிடுமேடா" என்றான். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை. பிறகு, அந்த டொக்டர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டான்.

அவனை அங்கேயே பொல்லால் அடிக்க வேண்டும் போல முஆஸுக்கு இருந்தது. ஒரு வருடப் பெயரை, ஒரு வருட நோவை, செத்துப்போன எலும்பை இவன் ஒரு கேள்வியில் தாண்டிப் போகப் பார்க்கிறான். ஆனால் அந்தத் தோளுக்குள் என்ன நடக்கிறதென்று இந்தக் கரையில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"வியாழக்கிழமை" என்றான். "விடிய வெள்ளனப் போங்க. தோளப் பிடிச்சிக்கொண்டு போகாதீங்க மச்சான், படம் காட்டுறீங்க எண்டு சொல்லுவாங்க."